இடக்கரை, வலக்கரை

“உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, குளிச்சிட்டு வெளியே வந்தா விளக்கை அணைக்கணும்னு.”

“அண்ணா, அண்ணிகிட்ட சொல்லு, நான் உள்ள போறப்பவே அது எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு.”

இருவருக்கும் நடுவே அமர்ந்து ரொட்டித் துண்டை மென்றுகொண்டிருந்தவன் தட்டிலிருந்து தலையை உயர்த்தினான்.

“எனக்கு இருக்கறது ரெண்டே காது. ஆளுக்கு ஒண்ணா குத்தகைக்கு எடுத்துக்கிட்டீங்க. மத்தவங்க பேசறதை நான் எதால கேட்கறது?”

ஒருவரும் சிரிக்கவில்லை. செயற்கைப் பல் செய்வது அவன் தொழில். நேற்று முடிக்காத வேலையொன்று, சுண்ணச் சாந்தில் வார்த்த தாடையாக, தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் வாய்திறந்து கிடந்தது.

“முதல்ல அந்தத் தாடையை மேசையிலேர்ந்து எடுங்க” என்றாள் மனைவி. “என்னையே பார்த்து இளிக்குது.”

“அதாவது சிரிக்குதே இந்த வீட்டுல” என்று அவன் அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

இந்தக் குடும்பத்தின் கதையோடு வாரந்தோறும் நடந்து வருவோர் இம்மௌனத்தின் காரணத்தை அறிவர். இன்றுதான் வாசற்படி ஏறுவோர்க்குச் சுருங்கச் சொன்னால் போதும்.

அண்ணியும் நாத்தனாரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். கணினி விளையாட்டுகளை உருவாக்கும் சிறிய நிறுவனம் அது. திரைக்குள் நிலத்தை எழுப்புவது அண்ணியின் பணி. மலையும் மடுவும் ஆறும் கரையும் அவள் கைப்பட்டே உருப்பெறும். அந்நிலத்தில் விளையாடுபவன் எங்கே நடப்பான், எங்கே ஏறுவான், எங்கே திகைத்து நிற்பான் என்று வகுப்பது நாத்தனாரின் பணி. வீட்டில் ‘வாலு’ என்று பெயர் வாங்கிய அந்த இளையவள் முன்பு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நிலையான வேலையில் இருந்தாள். “உன் புத்திக்கு அது கூண்டு, இங்க வா” என்று அழைத்து வந்தவள் அண்ணியே.

சென்ற வாரம் அனைவரும் கூடிய கூட்டத்தில் வாலு எழுந்து நின்று, “அண்ணி செஞ்ச மலை பார்க்க அழகா இருக்கு. ஆனா ஏற முடியாது” என்று சொல்லிவிட்டாள். சொன்னதில் பிழையில்லை. சொன்ன இடத்தில்தான் பிழை. “சாப்பிடறப்ப என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்பது அண்ணியின் வழக்கு. “வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதேன்னு நீங்கதானே சொன்னீங்க” என்பது நாத்தனாரின் வழக்கு. இரண்டிலும் நியாயம் இருந்ததால் எவரும் மன்னிப்புக் கேட்க வழியில்லாமற் போயிற்று.

நிறுவனத்தின் தலைவர், சச்சரவு வளரவேண்டாம் என்று, செய்துகொண்டிருந்த பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். கோடுதான் ஆறு. இடக்கரை அண்ணிக்கு, வலக்கரை நாத்தனாருக்கு. அன்றிலிருந்து ஆளுக்கொரு கரையில் தனித்தனியே மலை கட்டினார்கள்.

இன்று மாலை, பணியை ஒப்படைத்த பெரிய நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறார். அது தேறினால் இருவருக்கும் வேலை தொடரும். தேறாவிட்டால் நிலம் அமைக்கும் பணி வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போகும். பிறகு இங்கே ஒருவருக்குத்தான் நாற்காலி. அந்த ஒருவர் யார் என்று தலைவர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. மூத்தவளை விடமாட்டார்கள். பழைய வேலையை உதறிவிட்டு வந்த இளையவள் தெருவில் நிற்பாள்.

“ரெண்டு பேரும் ஒண்ணாவே கிளம்புங்க” என்றான் கணவன். “ஒரே இடத்துக்குத்தானே போறீங்க.”

முன்பின்னாகவே கிளம்பினார்கள்.

*

அலுவலகம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மேல்மாடியில் இருந்தது. தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘பார்க்கலாம் சார்’ என்று பெயர். விடுப்பு, விளக்கு, நாற்காலிக்குச் சக்கரம் என்று எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பதே அவர் விடை. இன்று அவர் முகத்தில் அந்தச் சொல் இல்லை.

இரு கரைகளையும் முதன்முறையாக இணைத்துப் பெரிய திரையில் விரித்தார். ஆற்றங்கரையில் முகமில்லாத சிறு பதுமை ஒன்று நின்றது. நிலத்தின் அளவைப் பார்ப்பதற்கென்று வைத்த மனித உரு. அதை நடக்கவிட்டார். பதுமை நடந்தது. இடப்பக்கம் நீண்ட சாரல்கள் வழவழவென்று இறங்கின. வலப்பக்கம் கசக்கி எறிந்த காகிதம் போல் மலை முழுதும் முண்டும் முடிச்சுமாய் நின்றது.

தலைவர் திரையின் பார்வையை வானத்துக்கு உயர்த்தி, பள்ளத்தாக்கை மேலிருந்து காட்டினார். பிறகு தலையை இடப்புறமும் வலப்புறமும் சாய்த்துப் பார்த்தார்.

“மலைக்கு யாரு வகிடு எடுத்து வாரி விட்டது?” என்றார் கடைசியில்.

அப்படித்தான் இருந்தது. நேராக ஓடிய ஆறு வகிடு. இடக்கரை முகடுகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. வலக்கரை முகடுகள் மறுபக்கம் சாய்ந்திருந்தன. அண்ணி இடக்கைப் பழக்கமுள்ளவள். கணினியோடு இணைந்த எழுதுபலகையில் அவள் பேனா இழுத்த கோடுகள் யாவும் அவளை அறியாமல் ஒரே திசையில் விழுந்திருந்தன. நாத்தனார் வலக்கைக்காரி. அவள் கோடுகள் எதிர்த்திசையில் விழுந்திருந்தன. மலையைப் படைத்தவன் எந்த மலையிலும் தன் கை பட்ட இடத்தைக் காட்டிக்கொள்வதில்லை. இங்கோ நான்கு முகட்டைப் பார்த்தாலே செய்தவள் எந்தக் கையால் சோறு உண்பாள் என்று சொல்லிவிடலாம்.

“சரி, அது போகட்டும். வலப்பக்கம் என்ன இவ்வளவு முண்டு?”

வாலு தொண்டையைச் செருமினாள். “இயற்கையா இருக்கணும்னுதான் சார். அண்ணன் சொன்னாரு, பல்லு ரொம்ப வரிசையா இருந்தா பொய்ப்பல்லுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க, கொஞ்சம் கோணல்மாணலா வைக்கணும்னு. அதான் எல்லா இடத்துலயும் சொரசொரப்பு ஏத்தினேன்.”

“உங்க அண்ணன் மலை செய்யறாரா?”

“பல் செய்யறாரு.”

“அதான் மலை பூரா பல்லா இருக்கு.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஆனால் தலைவர் அவளையும் விடவில்லை.

“உங்க பக்கம் பாறையில கறுப்புப் பட்டை பட்டையா படிவு ஓடுது. நல்லா இருக்கு. ஆத்தைத் தாண்டினதும் அது எங்க போச்சு? தண்ணி மலையை அறுத்தா ரெண்டு கரையிலயும் அதே பாறைதானே தெரியணும்? கேக்கை வெட்டினா ஒரு பாதியில மட்டுமா க்ரீம் இருக்கும்?”

அவள் திரையில் பட்டை நின்றுபோன இடத்தைப் பார்த்தாள்.

“இதைச் செஞ்சது ரெண்டு பேரு, அவங்க பேசிக்கறதில்லைன்னு தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சிடும்” என்றார் அவர். “கோடு கிழிச்சது என் தப்பு. ஒத்துக்கறேன். மேடம் சாயங்காலம் வர்றாங்க. ஒட்டுப் போடுவீங்களோ தையல் போடுவீங்களோ, எனக்கு ஒரு பள்ளத்தாக்கு வேணும்.”

கதவு சாத்தப்பட்டது. அறையில் இருவர் மட்டும்.

*

வாலு கைப்பேசியில் அண்ணனை அழைத்து, அதை மேசைமேல் வைத்து, ஒலியைப் பெருக்கினாள்.

“அண்ணா, அண்ணிகிட்ட கேளு, முதல்ல எந்த இடத்துலேர்ந்து ஒட்டுப் போடறதுன்னு.”

“என்னது?”

“ஏங்க, அவகிட்ட சொல்லுங்க” என்றாள் அண்ணி, “ஆத்தோரமா ரெண்டு பக்கமும் வழவழப்பாக்கினா கோடு தெரியாதுன்னு.”

“அடிப்பாவிகளா! நான் ஒருத்தர் கடைவாய்ப்பல்லைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். ஒரே அறையில உக்கார்ந்துக்கிட்டு எனக்கு போனா? நேரா மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க, வாயைச் சேர்த்து ஒட்டி விடறேன். என்கிட்ட பசை இருக்கு.”

தொடர்பு அறுந்தது. நாத்தனார் கைப்பேசியைப் பார்த்தாள். அண்ணி சுவரைப் பார்த்தாள்.

“சரி, வழவழப்பாக்குங்க” என்றாள் வாலு, யாரையும் நோக்காமல்.

அண்ணி தூரிகையைப் பெரிதாக்கி ஆற்றின் இரு மருங்கும் தேய்த்தாள். முண்டுகள் கரைந்தன, முகடுகள் மழுங்கின. தேய்க்கத் தேய்க்க அது குளித்துக் குளித்துத் தேய்ந்த சவர்க்காரக் கட்டியாகியது. பதுமையை நிறுத்திப் பார்த்தார்கள். இப்போது வகிடு மறையவில்லை, அகலமாகிவிட்டது.

“வழுக்கை விழுந்த மாதிரி இருக்கு” என்றாள் வாலு.

“தெரியுது.”

மூத்தவள் பேனாவை வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, திரையை வெகுநேரம் பார்த்தாள். ஒரு மலையை இப்படி அவள் இதுவரை பார்த்ததில்லை. இதுவரை பார்த்ததெல்லாம் தன் பக்கத்தை மட்டுமே.

“தப்பு ஓரத்துல இல்ல” என்றாள் மெல்ல. “நாம ஆத்தை முதல்ல வச்சோம். அப்புறம் அதுக்கு ரெண்டு பக்கமும் மலையைக் கட்டிக்கிட்டே போனோம். ஆறு மலையை அறுக்கவே இல்ல. மலைதான் ஆத்துக்கு ஒதுங்கி நிக்குது, விருந்தாளிக்கு வழி விடற மாதிரி.”

“அதுக்கு?”

“ஆத்தை எடுத்துடணும். முழுசா ஒரு மலை செய்யணும். அதுக்கு அப்புறம் மேலேர்ந்து தண்ணி விடணும். அது எங்க அறுக்குதோ அதுதான் பள்ளத்தாக்கு.”

வாலு நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே வந்தாள். “இவ்வளவு நாள் செஞ்சதெல்லாம்?”

“அழிக்க மாட்டேன். லேயரை மறைச்சு வைக்கறேன்.”

அடுக்கடுக்காக வைத்த வேலைகளில் ஒன்றை அண்ணி சொடுக்கினாள். வலக்கரை மறைந்தது. இரண்டாவதைச் சொடுக்கினாள். இடக்கரை மறைந்தது. திரையில் ஒன்றுமில்லாத வெறுஞ்சமநிலம் விரிந்தது.

“முதல்ல என்னோடதைத்தான் மறைச்சீங்க” என்றாள் வாலு.

“கை அங்க இருந்துச்சு.”

“கை எப்பவும் அங்கதான் இருக்கும்.”

அண்ணி திரும்பிப் பார்த்தாள். சண்டைக்கு இது நேரமல்ல என்பதை இருவரும் ஒரே கணத்தில் கடிகாரத்தைப் பார்த்து அறிந்தார்கள்.

*

மலைக்கு அடிநிலம் இடும் அடுக்கை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். ஆகவே ஒரே மேசை, ஒரே பேனா. ஒருத்தி வரைய, ஒருத்தி பக்கத்தில் அமர்ந்து சொல்ல வேண்டியதாயிற்று.

முதலில் பெரிய உரு. அண்ணி அகன்ற தூரிகையால் நிலத்தைத் தூக்கினாள். நடுவில் உயர்ந்த நெடுவரை, அதிலிருந்து கிளை பிரியும் முகடுகள், கிளையிலிருந்து சிறுகிளை. ஒரு சில கோடுகள் இழுத்ததும் வாலு அவள் கையைத் தடுத்து, படத்தையே திருப்பினாள். மேற்கு கிழக்காயிற்று.

“என்ன பண்றே?”

“இப்ப இழுங்க. உங்க கை அதே பக்கம்தான் போகும். மலை திரும்பிக்கிச்சு. அதனால கோடு வேற பக்கம் விழும்.”

அண்ணி இழுத்தாள். விழுந்தது. “இதை முதல் நாளே சொல்லியிருந்தா...”

“முதல் நாள் நாம பேசலையே.”

சற்று நேரம் கழித்துப் பேனா வாலுவின் கைக்குப் போயிற்று. அவள் இழுத்த முகட்டின்மேல் அண்ணி இழுத்தாள். அண்ணி இழுத்ததை அவள் வெட்டினாள். எது யாருடையது என்பது கலைந்துகொண்டே வந்தது. உணவு இடைவேளை வந்து போனதை இருவரும் கவனிக்கவில்லை.

“சொரசொரப்பு வேண்டாமா?” என்று வாலு கேட்டாள், சிறிது அச்சத்தோடு.

“வேணும். எல்லா இடத்துலயும் இல்ல. பாறை வெளியே தெரியற செங்குத்துல வேணும். மண்ணு படியற மடியில வேண்டாம். மேலேர்ந்து உதிர்றது கீழே சேரும். எங்கே உதிருதுன்னு பார்த்து வை.”

“அப்ப அண்ணன் சொன்னது தப்பா?”

“பல்லுக்குச் சரி. பல்லு மேல மழை பெய்யறதில்ல.”

வாலு சிரித்துவிட்டாள். சிரித்ததும் இருவரும் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தார்கள்.

கறுப்புப் படிவுகளை மலை முழுதும் ஊடுருவும்படி வைத்தாயிற்று. பிறகு மழை. மென்பொருளில் அதற்கென ஒரு கருவி உண்டு. எண்ணற்ற நீர்த்துளிகளை மேலிருந்து விட்டு, அவை உருளும் வழியெல்லாம் மண்ணை அரித்துச் சென்று தாழ்வில் இறக்கும். ஓடவிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். திரையில் மெல்ல மெல்லக் கீறல்கள் தோன்றின. கீறல் ஓடையாயிற்று, ஓடைகள் கூடின, கூடியவை ஒரு பெருவழியைத் தேடி மலையை அறுத்தன. அறுத்த இடத்தில் இருபுறமும் ஒரே உயரத்தில் கறுப்புப் பட்டை வெளிப்பட்டது. அண்ணி தன்னையறியாமல் கைகூப்பினாள்.

ஆறு, தலைவர் கிழித்த கோட்டின் வழியே ஓடவில்லை. நடுவழியில் பெரிதாக வளைந்து, வாலு பாதைக்கென்று ஒதுக்கியிருந்த சமவெளியைத் தின்றுவிட்டிருந்தது. வளைவின் வெளிப்புறம் செங்குத்தான பாறைச்சுவர்.

“போச்சு” என்றாள் வாலு. “விளையாடறவன் ஆத்தைத் தாண்டி மேல போகணும். இங்க வந்து செவுத்துல முட்டிக்கிட்டு நிப்பான். மறுபடியும் அதேதான் அண்ணி. அழகா இருக்கு. ஏற முடியாது.”

அதே சொற்கள். அறைக்குள் வேறு எவரும் இல்லாததால் அவை இம்முறை சுடவில்லை.

“சரிவு ஒண்ணு வச்சுடட்டுமா? சாய்பலகை மாதிரி?” என்று வாலு கேட்டாள்.

“வேண்டாம். யாரோ வச்ச மாதிரி தெரியும். அது அங்க வர்றதுக்கு ஒரு காரணம் வேணும்.” அண்ணி பேனாவை இடக்கையில் எடுத்தாள். “கீழ தண்ணி அரிச்சுக்கிட்டே இருக்கு. மேல கனம். ஒரு நாள் என்ன ஆகும்?”

“விழும்.”

“விழட்டும்.”

பாறைச்சுவரின் ஒரு பகுதியை அவள் வெட்டி எடுத்தாள். வெட்டுண்ட இடம் வெளிறிய புதுப்பாறையாக நின்றது. விழுந்தவற்றைக் கீழே விசிறி போல் பரப்பினாள். பெருங்கற்கள் தொலைவுவரை உருண்டு ஆற்றுக்குள் இறங்கின. சிறுகற்கள் மேலேயே தங்கின. விழுந்த குவியல் ஆற்றை ஒரு பக்கம் ஒதுக்கியது. சரிந்த தடத்தில் மரம் வைக்கவில்லை; தடத்தின் விளிம்பில் இரண்டு மரங்களைச் சாய்த்து வைத்தாள். வாலு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் கை பேனாவுக்காக நீளவும் இல்லை.

முடிந்ததும் வாலு பதுமையை நடத்தினாள். அது ஆற்றில் கிடந்த பெருங்கற்களில் கால்வைத்துத் தாண்டி, குவியலில் ஏறி, சரிவின் வழியே வளைந்து வளைந்து உச்சியை அடைந்தது. ஒருமுறைகூட முட்டிக்கொள்ளவில்லை.

“இது எப்படி அண்ணி தோணுச்சு?”

“நீதானே ஏற முடியாதுன்னு சொன்னே.”

வாலு கீழே குனிந்துகொண்டாள். “அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது.”

“சொன்னது சரி.”

“அது இல்ல. நான் சொல்றது வேற.”

“தெரியும்” என்றாள் அண்ணி. “எழுந்திரு. மூஞ்சியைக் கழுவிக்கிட்டு வா. கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு, அழுத மாதிரி நினைச்சுக்கப் போறாங்க.”

*

வந்த அம்மையார் அதிகம் பேசவில்லை. தலைவர் ஆயத்தம் செய்து வைத்திருந்த விளக்கத்தைக் கையமர்த்திவிட்டு, விளையாட்டுக் கருவியைத் தாமே கையில் வாங்கிக்கொண்டார். பின்னால் மூவரும் நின்றார்கள்.

அவர் சிகரங்களைப் பார்க்கவில்லை. பதுமையின் காலடியையே பார்த்தார். ஆற்றோரம் நடந்தார், ஒரு சிற்றோடைக்குள் நுழைந்து திரும்பினார், இரு கரைகளின் பட்டைகளையும் நின்று ஒப்பிட்டார். பிறகு வளைவுக்கு வந்தார். யாரும் வழி சொல்லாமலேயே கற்களைத் தாண்டினார், சரிவில் ஏறினார். உச்சியில் நின்று திரும்பி, தாம் வந்த வழியைக் கீழே நோக்கினார்.

தலைவர் விரல்நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“இது போதும்” என்றார் அம்மையார். “மிச்சப் பள்ளத்தாக்குகளையும் நீங்களே செய்யுங்க.”

தலைவரின் தோள்கள் இறங்கின. வாலு அண்ணியின் முழங்கையைப் பிடித்தாள். நாற்காலிகள் இரண்டும் தப்பின.

“இன்னொண்ணு” என்று அம்மையார் நாற்காலியைத் திருப்பினார். “எங்க தலைமை அலுவலகத்துல ஒரு முழுத்தீவு செய்யறோம். கையில கருவி இருக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஒரு பாறை ஏன் விழுந்துச்சுன்னு யோசிக்கறவங்க இல்ல. ஒருத்தர் வேணும். ஒரு வருஷம் அங்கேயே வந்து தங்கணும். திரும்பி வர்றப்ப அவங்க தனியா ஒரு குழுவை நடத்தலாம்.” திரையில் வெளிறிய தடத்தைச் சுட்டினார். “இந்தச் சரிவை யார் செஞ்சது?”

வாலுவின் உதடு பிரிந்தது. ‘அண்ணி’ என்ற சொல்லின் முதலெழுத்து அதில் தெரிந்தது.

“இவதான்” என்றாள் அண்ணி.

வாலு திரும்பிப் பார்த்தாள். அண்ணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல கண்ணு உனக்கு” என்றார் அம்மையார் இளையவளிடம். “நாளைக்குக் காலையில சொல்லு. யோசிச்சுட்டுச் சொல்லு.”

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு சொல் போதும். ஆனால் அண்ணி சொன்னதை, எல்லார் முன்னிலையிலும் பொய் என்று மறுத்துரைக்க வேண்டும். அப்படியொன்றை ஒருமுறை செய்து, அதன் விலையை இத்தனை நாளும் சாப்பாட்டு மேசையில் கண்டவள் வாலு.

“சரிங்க மேடம்” என்றாள்.

தலைவர் இருவர் கையையும் பற்றிக் குலுக்கினார். உற்சாகத்தில் சக்கரமில்லாத நாற்காலிகளைப் பற்றியும் இனிப் பார்க்கலாம் என்றார்.

*

படியில் வாலு முன்னே இறங்கினாள். கண்ணாடிக் கடையைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் நின்றாள்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நல்ல வாய்ப்பு. நீ சின்னவ. என்னால வீட்டை விட்டு ஒரு வருஷம் போக முடியுமா?”

“அதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே. நான்தான் செஞ்சேன், ஆனா வர முடியாதுன்னு.”

“அப்ப வேற யாரையாவது தேடிக்கிட்டுப் போயிருப்பாங்க.”

“போயிருக்கட்டும்.” வாலுவின் குரல் உயரவில்லை, அதுவே அண்ணியைக் கலக்கியது. “அண்ணி, ஒண்ணு கேட்பேன். கோபமா கேட்கலை. நான் நல்லா வரணும்னு சொன்னீங்களா, இல்ல நான் வீட்டுல இருக்க வேண்டாம்னு சொன்னீங்களா?”

அண்ணி உடனே விடை சொல்ல வாயெடுத்தாள். ‘உன் நன்மைக்குத்தான்’ என்பது உண்மை. அதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். ஆனால் ‘இவதான்’ என்ற சொல் வாயிலிருந்து விழுந்த கணத்தில், அதற்கு முன்பாகவே, மனக்கண்ணில் ஒன்று தோன்றி மறைந்திருந்தது. காலைநேரத்து மேசை, அதில் இருவர்க்கு மட்டும் தட்டுகள், எவர் காதையும் எவரும் குத்தகைக்கு எடுக்காத அமைதி. அந்தக் காட்சி முதலில் வந்ததா, நல்லெண்ணம் முதலில் வந்ததா? இறைவனுக்கு முன்னே நின்று கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது போலிருந்தது.

பேருந்து வந்தது. வாலு ஏறி, ஜன்னலோரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். அண்ணி அமர்ந்தாள். விளக்குகள் எரியத் தொடங்கிய தெருக்கள் பின்னால் சென்றன. விடை சொல்ல வழியெல்லாம் நேரம் இருந்தது. விடைக்கு முன்னே அவர்கள் இறங்கும் நிறுத்தம் வந்துவிட்டது.

கதவைத் திறந்தவன் இருவரையும் ஒருசேரப் பார்த்ததில் மகிழ்ந்தான்.

“தேறுச்சா?”

“தேறிடுச்சு” என்றாள் மனைவி.

“அப்புறம் ஏன் ரெண்டு மூஞ்சியும் இப்படி இருக்கு? வேற என்ன ஆச்சு?”

அவன் வழக்கம்போல் ஒரு முறை இங்கும் ஒரு முறை அங்கும் பார்த்தான். எந்தக் காதைத் தயாராக வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வாலு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நிமிர்ந்து, அண்ணனைப் பார்க்காமல், அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நீங்களே சொல்லுங்க அண்ணி. ஏன்னு கேட்பான். அதையும் சொல்லிடுங்க. நானும் இங்கேயே நின்னு கேட்டுக்கறேன்.”